பச்சோந்தி பச்சையாக இருக்கும்போது

தம்பானூரில், மாஞ்ஞாலிக்குளம் சாலையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியின் மொட்டைமாடி அறையில், 2021ஆம் ஆண்டில் முகச்சவரத்துக்கான சிறு கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்கியது. அறைக்கு வரும் விருந்தினருக்கு வேடிக்கை காட்டுவதற்காகவே அது அங்கே இருந்தது. வலைக்கூண்டுக்குள் கிளையைப் பற்றியபடி பச்சையாக உட்கார்ந்திருக்கும் ஆண் பச்சோந்தியின் முன் அந்தக் கண்ணாடியைப் பிடித்தால், சில நொடிகளில் அதன் உடல் பக்கவாட்டில் தட்டையாகி அகலும், மஞ்சள் பட்டைகள் பளிச்சிடும், அவற்றின் இடையே நீலமும் செம்மஞ்சளும் எழும், தொண்டை புடைக்கும். பார்ப்பவர்கள் கைபேசியை எடுப்பார்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று மாடியேறி வந்தவர்கள் சிலர் ரயிலையே தவறவிட்டதுண்டு.

அதை வளர்த்தவர் அந்த விடுதியின் இரவு வரவேற்பாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், விலங்கியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். பட்டத்துக்கேற்ற வேலை கிடைக்காமல், இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்த இந்த வேலைக்கு வந்து, மொட்டைமாடி அறையிலேயே தாயாருடன் தங்கியிருந்தார். அவர் வாங்கியது ஏமன் பச்சோந்திகளில் ஓர் இணை. ஆணும் பெண்ணும் மூன்று மாதக் குஞ்சுகள். ஏமன், தென்மேற்குச் சவூதி ஆகியவற்றின் மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட இந்த இனம், தலையில் உயர்ந்த கொண்டையும் கூண்டு வாழ்வைத் தாங்கும் உறுதியும் கொண்டது. ஆகவேதான் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியோடு சேர்ந்து உலகெங்கும் வீடுகளுக்குள் புகுந்தது. விற்றவர் எந்தத் தாளும் தரவில்லை. இங்கேயே பொரித்தவை என்ற வாய்ச்சொல் மட்டுமே சான்று. பெண் வளர்ந்ததும் குஞ்சு பொரிக்கவைத்து விற்றால் ஊரில் வீட்டுக்கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

தாயாருக்கு அது ஓணான். வேறெந்தப் பெயரையும் அவர் ஏற்கவில்லை. "வேலியில போன ஓணான எடுத்து மடியில கெட்டுன கதையால்லா இருக்கு, மக்ளே" என்று அவர் சொன்னது வெறும் கேலியன்று. தமிழ் ஊர்களில் ஓணான் கல்லடிக்குப் பிறந்த உயிர். தாகத்தில் வாடிய இராமனுக்கு அணில் இளநீர் கொடுத்ததாகவும் ஓணான் சிறுநீர் கொடுத்ததாகவும் ஒரு கதையைச் சொல்லி, சுருக்குக் கயிற்றோடு வேலிகளில் அலைந்த சிறுவர்கள் எத்தனை தலைமுறை! அதன் நெருங்கிய உறவான பச்சோந்திக்கோ சொல்லாலேயே அடி. கட்சி மாறியவர், நட்பை விற்றவர், மேடைக்கொரு பேச்சுப் பேசுபவர் ஆகிய எல்லோரும் பச்சோந்திகள். மலையாளத்திலும் ஓந்து நிறம் மாறுவதுபோல என்பதே வசை. இத்தனைக்கும் மலையாளிகள் ஓந்து என்று அன்றாடம் சுட்டுவது பெரும்பாலும் தோட்டத்து ஓணானைத்தான். அதன் ஆணும் இனச்சேர்க்கைப் பருவத்தில் தலை சிவப்பதால் பழி அதற்கும் பொருந்திவிட்டது. பச்சோந்தி என்ற சொல்லில் இருப்பதோ பச்சை நிற ஓந்தி என்ற பொருள் மட்டுமே. மாறுதல் சொல்லில் இல்லை, வழக்கு ஏற்றியது.

ஓந்தியைக் குறியாகக் கொள்ளும் வழக்கம் பழையது. குறுந்தொகையின் 140ஆம் பாடலில், வறண்ட வழியில் செல்வோர் ஓதியின் முதிய ஆணை நிமித்தமாகக் கொள்ளுகிறார்கள். அள்ளூர் நன்முல்லை பாடிய அந்தப் பாலைத் தலைவியின் துயரம் ஒருபுறம் இருக்க, அங்கே அந்த ஊர்வனவுக்குத் தனக்கென்று சொல்ல ஏதும் இல்லை. அது வழிப்போக்கரின் நன்மை தீமையைச் சொல்லும் எழுத்து. பச்சோந்தி என்ற வசையும் அதே வாசிப்பின் நீட்சிதான். விலங்கின் உடலில் தோன்றும் மாற்றம் மனிதரைப் பற்றியது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு படிப்பது. மொட்டைமாடிக் கண்ணாடியும் அந்த வரிசையில் வருவதே.

உண்மையில் அந்த நிறங்கள் எவ்வாறு எழுகின்றன என்பது மிக அண்மையில்தான் தெளிவாயிற்று. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிலின்கோவிச்சின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு பாந்தர் பச்சோந்தியின் தோலை எடுத்துக்கொண்டது. நிறமிகள் இடம் மாறுவதால் மட்டுமே நிறம் மாறுகிறது என்ற பழைய விளக்கம் அதில் போதாதென்று தெரிந்தது. தோலின் உயிரணுக்களில் குவானின் என்ற பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. விலங்கு அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தோலிலுள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியுற்றால் படிகங்களின் இடைவெளி கூடுகிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் வெளிப்படுகின்றன. பாந்தர் பச்சோந்தியைப் பொறுத்தவரை பச்சை என்பதே அமைதியின் நிறம்.

இந்த வண்ணங்கள் பின்னணியில் ஒளிந்துகொள்வதற்காக வளர்ந்தவை என்ற பொதுக்கருத்தும் ஆட்டம் கண்டுவிட்டது. தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளை ஒப்பிட்ட ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், முசல்லி ஆகியோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு, நிறமாற்றத் திறன் மிகுந்த இனங்கள் தம் இனத்தாருக்குக் கண்ணில் படும்படி காட்டிக்கொள்ளும் இனங்களே என்று கண்டது. ஏமன் பச்சோந்தியின் ஆண்களை எதிரெதிரே விட்டுப் பார்த்த லிகன், மெக்ரா ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுட்பமானது: உடற்பட்டைகள் எவ்வளவு ஒளிர்கின்றனவோ அந்த அளவுக்கு அந்த ஆண் எதிரியை நெருங்கும், தலையின் நிறம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அந்த அளவுக்கு வெல்லும். தோற்கும் ஆண் கறுத்துவிடும் என்பதையும், அந்தக் கறுப்பு சரணடைவின் குறி என்பதையும் லிகன் அடுத்த ஆண்டில் எழுதினார். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பச்சோந்தியைப்போல் மனத்தை மறைக்க இயலாத உயிர் அரிது. வசை தலைகீழாக இருக்கிறது.

வரவேற்பாளர் இவற்றை அப்போது படித்திருக்கவில்லை. வளர்ப்பின் கைவேலைகளில் அவர் தேர்ந்தவராகவே இருந்தார். பச்சோந்தி கிண்ணத்து நீரைக் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியையே நக்கும். அவர் பழைய குளுக்கோஸ் பாட்டிலையும் அதன் குழாயையும் கூண்டின் மேல் கட்டி, மணிபிளான்ட் இலைகளின்மீது நாள்முழுதும் சொட்டவைத்தார். கண்ணாடித் தொட்டியில் வைத்தால் திருவனந்தபுரத்து ஈரத்தில் காற்று தேங்கி நுரையீரல் நோய் வரும் என்று நான்கு பக்கமும் வலையடித்தார். சுவர்க்கோழிகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் பெருக்கி, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுத்தார். எலும்பு வளைந்துபோகாதிருக்கப் புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கை வரவழைத்தார். மழையற்ற காலைகளில் அந்த விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டையே வெயிலில் வைத்தார். செம்பருத்திப் பூவை அவை விரும்பித் தின்றன. பொதுவாகப் பூச்சியுண்ணிகளான பச்சோந்திகளில் இலையும் பூவும் தின்னும் இந்த இனத்தின் வழக்கம் தனி.

தவறு அறிவில் நேர்ந்தது. ஆணும் பெண்ணும் தனித்தனிக் கூண்டுகளில் இருந்தன. பெண்ணுக்கு ஒரு வயதாகும்வரை சேர்க்கக்கூடாது என்று அவர் சரியாகவே முடிவெடுத்திருந்தார். சேர்க்காதவரை முட்டை இல்லை என்றும் நினைத்திருந்தார். ஆனால் ஏமன் பச்சோந்தியின் பெண், கோழியைப்போல், ஆணைக் காணாமலேயே கருவுறா முட்டைகளைச் சுமக்கும். தீனியும் வெப்பமும் மிகுந்தால் முட்டைகளின் எண்ணிக்கையும் மிகும். ஈரமண்ணில் ஆழமாகக் குழிதோண்டி அவற்றை இட இடமில்லையென்றால் வயிற்றிலேயே அடக்கிக்கொண்டு செத்துவிடும். செல்லமாக ஊட்டி வளர்க்கப்பட்ட பெண்கள் இவ்வாறு இறப்பது இந்த வளர்ப்பின் மிகப் பழகிய துயரம்.

2021 நவம்பரில், மழை விடாமல் பெய்து சாலையில் நீர் நின்ற ஒரு வாரத்தில், வெளிர்பச்சையாக இருந்த பெண் கரும்பச்சையாயிற்று. பிறகு ஏறத்தாழக் கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் மஞ்சள் புள்ளிகளும் வான்நீலப் புள்ளிகளும் இரவு வானம்போல் சிதறியிருந்தன. அவருக்கு அது பூப்பெய்தலின் அழகாகத் தோன்றியது. படமெடுத்தார், நண்பர்களுக்கு அனுப்பினார், விலை கேட்டு மூவர் எழுதினர். அடுத்த இரண்டு நாள் பெண் கிளையிலிருந்து இறங்கிக் கூண்டின் தரையில் சுற்றியது. மூலைகளை முன்காலால் கீறியது. வெளியே வர விரும்புகிறது போலும் என்று கதவைத் திறந்து தன் தோள்மேல் ஏற்றிக்கொண்டார். அது தோளிலிருந்து இறங்கித் தரையோடுகளின் இடுக்கைக் கீறியது. தாயார் அதைப் பார்த்துவிட்டு, "இது குழி பறிக்கப் பாக்குது" என்றார். ஊரில் ஓணான் மண்ணைக் கிளறி முட்டையிடுவதைக் கண்டவர் அவர். மகன் அதைக் கேட்டார், ஆனால் பட்டம் பெற்றவர் அவர்.

நான்காம் நாள் அதன் கண்கள் குழிந்தன. நகரத்தில் ஒரு கால்நடை மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார். வயிறு முழுவதும் திராட்சைக் குலைபோல் முட்டைகள். தாம் இதுவரை கிளிகளுக்கும் நாய்களுக்கும்தான் அறுவை செய்திருப்பதாக அவர் ஒளிக்காமல் சொன்னார், முயன்றும் பார்த்தார். பெண் அன்றிரவு இறந்தது. வயிற்றில் 40க்கும் மேற்பட்ட முட்டைகள் இருந்தன.

இறந்த பிறகுதான் அவர் படிக்கத் தொடங்கினார். கறுப்பும் மஞ்சளும் நீலமும் சேர்ந்த அந்தக் கோலம், முட்டை சுமக்கும் பெண் ஆணிடம் காட்டும் மறுப்பு என்பதை எங்கோ ஒரு கட்டுரையில் கண்டபோது, தன் கைபேசியிலிருந்த 30 படங்களையும் அவர் மறுபடி வரிசையாகப் பார்த்தார். அழிக்கவில்லை. ஆணின் முன் பிடித்த கண்ணாடியின் பொருளும் அப்போதே புரிந்தது. தினமும் மாலையில், இல்லாத எதிரி ஒருவனோடு அந்த ஆண் சண்டைக்கு நின்றிருக்கிறது. எதிரி ஒருபோதும் பின்வாங்கியதில்லை, ஏனென்றால் அது கண்ணாடி. ஆணியிலிருந்து கண்ணாடி இறங்கியது. அதன் பிறகு மாடியேறிய விருந்தினர்கள் ஒரு பச்சைப் பல்லியைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு இறங்கினார்கள்.

2022இல், வெளிநாடு போகும் ஒருவர் விட்டுச்சென்ற இன்னொரு பெண் அவரிடம் வந்தது. இம்முறை அவர் தீனியைக் குறைத்தார். விளக்கின் வெப்பத்தையும் தாழ்த்தினார். 2023 தொடக்கத்தில் ஆணை முதன்முறை கூண்டுக்குள் விட்டபோது பெண் நொடியில் கறுத்து, வாயைப் பிளந்து, முன்னும்பின்னும் ஆடியது. உடனே ஆணை எடுத்துவிட்டார். சில வாரங்கள் கழித்து மறுபடி விட்டபோது அது பச்சையாகவே இருந்து, தோள்பக்கம் மங்கிய நீலப் புள்ளிகள் காட்டி, மெல்ல நடந்து விலகியது, ஆணை விரட்டவில்லை. அவர் அறையை விட்டு வெளியேறினார். ஒரு மாதத்துக்குள் பெண் மீண்டும் இரவு வானமாயிற்று. அதற்கு முன்பே ஒரு பெரிய வாளியில், விரலால் தோண்டினால் இடியாத பதத்தில், ஈரமணலும் மண்ணும் ஓரடிக்கு மேல் நிரப்பி வைத்திருந்தார்.

முட்டையிடும் பெண், தன்னை யாரோ பார்ப்பதாக உணர்ந்தால் தோண்டிய குழியை விட்டு ஏறிவிடும். அவ்வாறு இரண்டு மூன்று முறை கலைக்கப்பட்டால் முட்டைகளை அடக்கிக்கொள்ளவும் கூடும். ஆகவே விடுதியில் கழித்துப்போட்ட வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றைக் கூண்டைச் சுற்றிப் போர்த்தினார். இரண்டு பகலும் ஓரிரவும் அந்த விரிப்பு அப்படியே கிடந்தது. எந்த நிறத்துக்காக அந்த விலங்கை மனிதர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தார்களோ அந்த நிறம் உச்சத்தில் இருந்த அந்த முப்பது நாற்பது மணி நேரம், அவர் அதைப் பார்க்காமல் இருந்தார். கீழே வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, ரயில் நிலையத்து அறிவிப்புகளின் இடைவெளிகளில், மாடியில் வாளி அசையும் ஓசை கேட்கிறதா என்று காது கொடுத்தார். மூன்று மாடிக்குக் கீழே அது கேட்க வாய்ப்பே இல்லை. தாயார்தான் படியிறங்கி வந்து சொன்னார்: "மக்ளே, மண்ணு மூடியாச்சு. வயிறு ஒட்டிப் போச்சு. தண்ணி குடிக்குது."

முட்டைகள் 36. மூடியில் துளையிட்ட டப்பாக்களில், ஈரம் காக்கும் வெர்மிகுலைட் தூளில், தோண்டி எடுத்த நிலை புரளாமல் பாதி புதைத்து வைத்தார். கோழிமுட்டையின் மூன்று வாரமெல்லாம் இங்கே கணக்காகாது. ஏழெட்டு மாதம் அவை அலமாரியின் கீழ்த்தட்டில் இருட்டில் கிடந்தன. அந்த இடைவெளியில், 2023 ஆகஸ்டில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளைப் பெங்களூரு விமான நிலையச் சுங்கத்துறையினர் திறந்தபோது 234 விலங்குகள் இருந்தன: மலைப்பாம்புகள், உடும்பைப்போன்ற இகுவானாக்கள், ஆமைகள், பச்சோந்திகள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு கங்காருக் குட்டி மூச்சடைத்து இறந்திருந்தது. செய்தியைப் படித்த அன்று, இங்கேயே பொரித்தவை என்று தனக்குச் சொல்லப்பட்ட அந்த வாய்ச்சொல்லை அவர் முதன்முறையாக ஐயுற்றார். ஐயுறுவதற்கு இரண்டாண்டு ஆகியிருந்தது என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

சட்டமும் அந்த ஆண்டுகளில்தான் வீட்டு வாசலுக்கு வந்தது. இந்தியாவுக்குச் சொந்தமான ஒரே பச்சோந்தி இனம், லாரென்டி 1768இல் விவரித்த, முட்புதர்க் காடுகளிலும் வறண்ட தோப்புகளிலும் வாழும் நம் பச்சோந்தி. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களோ, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இருந்தும், நாட்டுக்குள் நுழைந்த பிறகு கேட்பாரற்றுக் கிடந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள், அத்தகைய உயிர்களை வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் இணையதளத்தின் வழியே விவரம் தந்து பதிவு செய்யவேண்டும் என்றன. வைத்திருப்பதை மட்டுமன்று, கைமாற்றத்தையும் பிறப்பையும்கூட.

பிறப்பு என்ற அந்தச் சொல்லில் அவர் நின்றார். குஞ்சு என்பதா குட்டி என்பதா என்று தாயாரும் மகனும் முன்பே வாதாடியிருந்தனர். தொல்காப்பிய மரபியல் தவழ்வனவற்றின் இளமைக்கும் பறப்பனவற்றைப்போலவே பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களை வழங்குகிறது. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று பிள்ளை இன்றும் வாயில் இருக்கிறது. தாயார் இலக்கணம் அறியாமலேயே ஓணான்பிள்ளை என்று சொல்லத் தொடங்கிவிட்டிருந்தார்.

2023 நவம்பரில் ஒரு விடியலில் முட்டைகள் வியர்த்தன. பொரிவதற்கு முன் ஓட்டின்மேல் நீர்த்துளிகள் அரும்பும். சில மணி நேரத்தில் முட்டை சற்றே வாடிச் சுருங்கும். பிறகு முனையில் நட்சத்திரம்போல் ஒரு கீறல். அவர் வேலை முடிந்து மாடியேறியபோது முதல் டப்பாவில் விரல்நீளங்கூட இல்லாத வெளிர்பச்சை உயிர்கள் நான்கு, வாலைச் சுருட்டியபடி, கண்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே சுழற்றிக்கொண்டிருந்தன. மூன்று நாளில் 29 பொரிந்தன. ஆணுக்குப் பின்பாதத்தில் பிறக்கும்போதே ஒரு சிறு முள் இருக்கும். கைவிளக்கை வைத்துக்கொண்டு தாயார்தான் எண்ணினார்.

விற்பனைக் கணக்கு அத்தோடு குழம்பிப்போனது. வாங்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி எப்போது நிறம் வரும் என்பது. நிறம் எதனால் வரும் என்று அவர் விளக்கத் தொடங்கினால் பேச்சு நீளும். நீண்டால் வந்தவர்கள் மணி பார்ப்பார்கள். ஈரமண் வாளி வைப்பீர்களா என்று பெண் குஞ்சு கேட்டவர்களிடம் கேட்டு, வைப்போம் என்றவர்களை மட்டும் பதிவோடு அனுப்பினார். வீட்டுக்கடன் அப்படியே இருந்தது. கடன் அடையாததற்குப் பச்சோந்திகளைக் குற்றஞ்சொல்லத் தாயார் ஒருநாளும் தவறியதில்லை. செம்பருத்தியை வலைவழியே நீட்டவும் தவறியதில்லை.

சில மாதங்களில் மிஞ்சிய ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கண்டு பட்டை காட்டத் தொடங்கின. ஒரே கிளையில் இருந்தபோது பகைக்காதவை இப்போது அடுத்த கூண்டின் நிழலைக் கண்டே விரிந்தன. சிறியவை கறுத்து, தீனியை விட்டு, மூலைக்குப் போயின. அவற்றைத் தனியாக்கினால் மட்டும் போதாது, பார்வையையும் அடைக்கவேண்டும். விடுதியில் கழித்துப்போடும் விரிப்புகள் ஒவ்வொன்றாக மாடியேறின. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே, கொடிகட்டி, வெள்ளைத் துணிகள். வண்ணப் பச்சோந்தி பார்க்கலாம் என்று கீழே யாரோ சொல்லி இப்போதும் சிலர் படியேறுகிறார்கள். கதவைத் திறந்ததும் தெரிவது துணி காயப்போட்ட மாடி. விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒவ்வொன்றும் இலையோடு இலையாகப் பச்சை.